பேசத் தெரியாத கோபுரமும் நெவெனா ஸ்தோய்லோவா மூன்று முறை அழைத்ததும்

அனுப்புநர்:
ரங்கெல் பென்செவ்,
மளிகைக் கடை, பேருந்து நிறுத்தச் சுவருக்கு எதிரில்,
கார்வன்தோல் கிராமம், ரொதோப்பி மலை.

உடன் கையொப்பமிடுபவர்:
திருமதி நெவெனா ஸ்தோய்லோவா,
மேற்படி கடையின் சுவருக்கு மறுபுறம்.

பெறுநர்:
மண்டல அதிகாரி அவர்கள்,
தொலைத்தொடர்புக் குறைதீர்ப்பு அலுவலகம்,
மாவட்டத் தலைநகர்.

பொருள்: எங்கள் பள்ளத்தாக்கின் கோபுரத்தில் பேச்சு வசதி முன்னறிவிப்பு சரிவரச் சேராமல் நிறுத்தப்பட்டது – அதனால் ஒரு சாவின்போது அவசர அழைப்பு போகாதது – பழி மனைவி மேல் விழுந்தது – உண்மை நிலையை எழுத்தில் தெரிவிக்கக் கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. கோபுரத்தை நடத்தும் நிறுவனம் திரு. காமென் ஸ்தோய்லோவுக்கு ஜூன் மாதம் எழுதிய பதில். 2. பேருந்து நிறுத்தச் சுவரில் ஒட்டப்பட்டிருந்த அறிவிப்பு (தற்போது மழையில் கரைந்துவிட்டது).

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா (பெயர்ப் பலகையைப் பார்த்துவரச் சொன்னால் எங்கள் பேருந்து ஓட்டுநர் வாசலில் இருந்த பூனையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்),

1. முதலில் ஒரு வெட்கக்கேட்டை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வேறு யாராவது வந்து சொல்வதற்குள் நானே சொன்னதாக இருக்கட்டும். கடந்த மே மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, என் பக்கத்து வீட்டுச் சமையலறைத் தரையில் லாலியோ ஸ்தோய்லோவ் என்ற அறுபத்தொன்பது வயது மனிதர் மூச்சுக்குத் தவித்துக் கிடந்தார். அவர் தலைமாட்டில் மண்டியிட்டிருந்த நான், என் போனிலிருந்து சிம் கார்டை வெளியே எடுத்து, சூடான சூப்பை ஆற்றுவதுபோல் வாயால் ஊதி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி செருகினேன். அது ஒரு முறையோடு நிற்கவும் இல்லை. ஊரில் என்னைப் 'போன் டாக்டர்' என்பார்கள். அந்தப் பட்டத்தை எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன் என்பதையும் இங்கேயே பதிவு செய்கிறேன்.

2. சம்பந்தப்பட்டவர்களைப் பற்றித் தங்களுக்குத் தெரிய நியாயமில்லை. என் கடைக்கும் ஸ்தோய்லோவ் வீட்டுச் சமையலறைக்கும் சுவர் ஒன்றுதான். நெவெனா அக்கா அந்தப் பக்கம் தும்மினால் நான் இந்தப் பக்கமிருந்து "நல்லா இருங்கக்கா" என்பேன். லாலியோ காட்டிலாகாவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பேச்சு குறைவு, மீசை அதிகம். பகடை ஆட்டத்தில் கள்ள ஆட்டம் ஆடுவார். மாட்டிக்கொண்டால் காது கேட்காதவராகிவிடுவார். ஒரே மகன் காமென், ஸ்பெயினில் தக்காளிக் கூடாரங்களில் வேலை. இரண்டு கோடைக்கு முன் வந்தவன் அம்மாவுக்கு அங்கிருந்தே ஒரு போன் வாங்கிவந்தான். ஞாயிறுதோறும் அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அளவில்லாத நெட் திட்டத்தையும் தன் பெயரில் போட்டு, அங்கிருந்தே கட்டிவந்தான். அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்பது அந்த அழைப்புதான்.

3. சம்பவ நாளன்று, காமெனின் அழைப்பு முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. நான் கடையில், என் தங்கை மகள் விட்டுப்போன பழைய டேப்லெட்டை எண்ணெய்ப் புட்டியில் சாய்த்துவைத்து, கால்பந்துப் போட்டியின் கடைசிச் சுற்றைச் சத்தமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல கட்டத்தில் படம் உறைந்து நின்றது. பிறகு ஓடியது. மறுபடி நின்றது. மூன்றாவது முறையும் நின்றபோது கோபுரத்தையும் அதைக் கட்டியவர்களின் தாயாரையும் சேர்த்து நான் சொன்னதை இந்த மனுவில் எழுத இயலாது. அதற்குப் பின்தான் சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. அக்காவுக்குக் கூச்சல் தொந்தரவாக இருக்கிறது என்று நினைத்து ஒலியைக் குறைத்தேன்.

ஐயா, நான் ஒலியைக் குறைத்தேன். எழுந்து போகவில்லை.

4. தட்டுவது நின்று, அவர் வெறுங்காலோடு கடை வாசலில் வந்து நின்றார். கையில் போன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "டேய் ரங்கெல், அவரு விழுந்துட்டாருடா! நூத்திப் பன்னெண்டு அடிச்சா போகவே மாட்டேங்குது. மூணு தடவ அடிச்சிட்டேன். அடிக்க அடிக்கக் கட்டாகுது!" நான் கேட்டது, என் அறிவுக்கு ஏற்றபடி, "சிக்னல் இருக்காக்கா?" என்பதுதான். "முழுசா இருக்குடா! எல்லாக் கோடும் நிக்குது, வந்து பாரு!" கோடுகள் நின்றன. என் போனிலும் நின்றன. இரண்டிலும் அழைத்துப் பார்த்தோம். இரண்டும் வாயைத் திறக்கவில்லை. நான் சிம்மை ஊதியது இந்த இடத்தில்தான். ஊதிக்கொண்டிருக்கும்போதே அக்காவின் போனில் மணி அடித்தது. உதவி வந்துவிட்டது என்று எடுத்துப் பார்த்தால், நெட் வழியே வந்த மெத்தை தள்ளுபடி விற்பனை விளம்பரம். சுவருக்கு அந்தப் பக்கம், என் கடையில், ஆட்டம் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கோல் விழுந்து கூட்டம் ஆர்ப்பரித்தது எங்களுக்குக் கேட்டது. லாலியோவுக்கும் கேட்டிருக்கும், கண் அந்தப் பக்கம் போனது.

கடைசியில் என் வண்டியை எடுத்துக்கொண்டு, அடுத்த பள்ளத்தாக்கின் கோபுரம் எட்டிப் பார்க்கும் மரஅறுவை ஆலை வளைவுக்கு இறங்கினேன். அங்கே முதல் முயற்சியிலேயே அழைப்பு போனது. ஆம்புலன்ஸ் வந்தது. அதற்குள் நெவெனா அக்கா அவர் தலையை மடியில் வைத்து, கண்ணை மூடிவிட்டு, மீசையைச் சீவி முடித்திருந்தார். வாசலில் தயங்கி நின்ற டாக்டரிடம், "செருப்பக் கழட்ட வேணாம், உள்ள வாங்க. தரை எப்படியும் அழுக்காத்தான் இருக்கு" என்றார்.

5. என்ன நடந்தது என்பதை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். தங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எங்களுக்கு இது விளங்கிவிட்டது என்பதைத் தாங்கள் அறிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன். 2ஜி என்பது மூத்தவன்: பேசுவான், குறுஞ்செய்தி கொண்டுபோவான், படம் கேட்டால் மூச்சு வாங்குவான். 3ஜி நடுவிலவன்: பேசவும் செய்வான், படமும் கொண்டுவருவான், இரண்டிலும் சுமார். 4ஜி கடைக்குட்டி: மலையையே தூக்கிவருவான், ஆனால் பிறவியிலேயே பேச்சுக்கென்று தனி வழி இல்லாதவன். அவன் வழியே பேச வேண்டுமானால் பேச்சையும் டேட்டாவாக மாற்றி அனுப்ப வேண்டும். அதற்குப் போனும் ஒத்துக்கொள்ள வேண்டும், நிறுவனமும் அந்தப் போனை ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால், நாம் எண்ணை அழுத்தும்போது போன் 4ஜியை விட்டுக் கீழே இறங்கி, அண்ணன்மார் யாராவது இருக்கிறார்களா என்று தேடும். தேடும் நேரம் நெட் நின்றுபோகும். யாரும் இல்லையென்றால் அழைப்பை அறுத்துவிட்டு மறுபடி மேலே ஏறிக்கொள்ளும். கோடுகள் எல்லாம் பழையபடி நிமிர்ந்து நிற்கும்.

எங்கள் கோபுரத்தில் மூத்தவன் முன்பே இடியில் போனான். திரும்பப் பொருத்த யாரும் வரவில்லை. நடுவிலவனைச் சம்பவத்துக்கு முந்தின வாரம் நிறுவனமே அணைத்தது. அந்த வாரம் முழுக்க எங்களில் ஒருவரும் அதை உணரவில்லை. உணர வழியில்லை: நாங்கள் பேசுவதெல்லாம் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு, அதுவும் செயலி வழியாக, நெட்டில். உள்ளூரில் ஒருவரை அழைக்க வேண்டுமானால் ஜன்னலைத் திறந்தால் போதும். பழைய முறையில் எண்ணை அழுத்தி அழைக்கும் தேவை எங்களில் முதன்முதலாக நெவெனா அக்காவுக்கு வந்தது.

6. முன்னறிவிப்பு ஒட்டினோம் என்று நிறுவனம் சொல்கிறது. உண்மைதான், ஒட்டினார்கள். எங்கே ஒட்டினார்கள் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். பேருந்து நிறுத்தச் சுவரில், சாவு அறிவிப்புகளுக்கு நடுவில். எல்லா ஊரையும்போல எங்கள் ஊரிலும் அந்தச் சுவர் இறந்தவர்களுக்கு உரியது. நாற்பதாம் நாள், அரையாண்டு, ஆண்டு நிறைவு என்று தாள் மேல் தாள் ஏறும். நாங்கள் அங்கே எழுத்தைப் படிப்பதில்லை, புகைப்படத்தைத்தான் பார்ப்போம். தெரிந்த முகமானால் நின்று சிலுவை போட்டுக்கொள்வோம். நிறுவனத்தின் தாளில் கறுப்புக் கட்டம் இருந்தது, தேதி இருந்தது, படம் இல்லை. "பாவம், போட்டோ எடுக்கக்கூட ஆளில்லாத அனாத போல" என்று தோத்காப் பெரியம்மா அதன் மேல் ஒரு கொத்துப் பசுந்தழையைக்கூடச் செருகிவைத்தார். நானும் அதைத் தினமும் ரொட்டி வண்டிக்குக் காத்து நிற்கும்போது பார்த்தேன். சிலுவையும் போட்டுக்கொண்டேன்.

7. அடக்கத்துக்கு வந்துபோன காமென், அம்மா சொன்னதை நம்பி, அம்மாவுக்காகவே நிறுவனத்தின் மேல் புகார் எழுதினான். இணைப்பு அவன் பெயரில் இருந்ததால் பதிலும் அவனுக்குத்தான் போனது (பார்வை 1). அதில் மூன்று செய்திகள். ஒன்று, அந்த நேரத்தில் மேற்படி எண்ணிலிருந்து எந்த அழைப்பும் முயன்றதாகப் பதிவு இல்லை. இரண்டு, கோபுரம் பழுதின்றி இயங்கியது. மூன்று, அந்த அரை மணி நேரமும் மேற்படி போன் இடைவிடாமல் காணொளிக்கான டேட்டாவைப் பெற்றுக்கொண்டிருந்தது. அவசரமானால் செயலி வழியாக உறவினர் யாரையாவது அழைத்திருக்கலாமே என்று ஒரு யோசனையும் உண்டு. அது சரியான யோசனைதான். எனக்கு அது அடக்கத்தன்று காப்பி குடிக்கும்போது உதித்தது. மனிதன் விழுந்து கிடக்கும்போது விரல் தேடிப் போவது குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் எண்ணைத்தான். அந்த எண்ணை எந்தச் செயலியும் அழைத்துத் தராது.

காமென் அந்தப் பதிலைப் படம்பிடித்து அம்மாவுக்கு அனுப்பினான். கூடவே ஒரே வரி: "அம்மா, அப்பா கீழ கெடக்கும்போது நீ சீரியல் பாத்துக்கிட்டா இருந்த?" நெவெனா அக்கா துருக்கிச் சீரியல் பார்ப்பவர் என்பது ஊரறிந்தது, நாயகி அழுதால் இவருக்கு மூக்கு சிவக்கும். அக்கா பதில் எழுதவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் போன் அடிப்பதில்லை.

8. நாற்பதாம் நாளுக்கு அக்கா கோதுமை வேகவைத்துச் சர்க்கரை தூவிக் கிண்ணங்களில் வைத்துக் காத்திருந்தார். காமென் வரவில்லை. அவனுக்குப் பதில் ஒரு தாள் பேருந்தில் வந்தது. எங்கள் வழக்கத்தில் இறந்தவருக்கு வீட்டார் எல்லாரும் சேர்ந்து ஒரே அறிவிப்புதான் போடுவார்கள். கீழே 'மனைவி, மகன்' என்று இருக்கும். அக்கா போட்டதில் அப்படித்தான் இருந்தது. காமென் தனியாக அச்சடித்து அனுப்பியதில் 'மகன்' மட்டும். ஒரே சுவரில், ஒரே மனிதருக்கு, இரண்டு படங்களோடு இரண்டு தாள்கள். படம் மட்டும் பார்க்கும் ஊர் என்று மேலே சொன்னேன். இந்த இரண்டை மட்டும் ஊரே கடைசி வரி வரைக்கும் படித்தது.

அக்கா ரொட்டி வாங்க அந்தச் சுவரைத் தாண்டித்தான் வர வேண்டும். ஆகஸ்டிலிருந்து வருவதில்லை, நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஒரு நாள் ரொட்டியை வாங்காமல் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஒருவேள பாத்துக்கிட்டுத்தான் இருந்தேனோ, ரங்கெல்? கம்பெனிக்காரன் எதுக்குடா பொய் சொல்லப் போறான்? அவனுக்கு என்ன, என் மேல பகையா? நான் அடிச்சேன்னு நானா நெனச்சுக்கிட்டேனோ என்னமோ." நான், "இந்தப் போனெல்லாம் தன் பாட்டுக்கு எதையாவது இழுத்துக்கிட்டே கெடக்கும்கா, நீங்க மனசப் போட்டு ஒழப்பாதீங்க" என்றேன். அவர் என்னை நம்பினார். போன் டாக்டர் சொன்னால் நம்புவார்கள்.

9. இன்னொன்றும் உண்டு. நான் விசாரித்த வரையில், எங்கள் நிறுவனம் 4ஜி வழியே பேச ஒத்துக்கொள்ளாத போன்கள் பெரும்பாலும் வெளிநாட்டில் வாங்கியவை (என்னுடையதும் அப்படிக் கைமாறி வந்த பழையதுதான்). இங்கே கடையில் வாங்கிய போனாக இருந்திருந்தால் அன்று அழைப்பு போயிருக்கக்கூடும். அதாவது, காமென் ஆசையாக வாங்கிவந்த போன்தான் ஊமையாக இருந்தது. நான் இதைச் சொன்னதும் நெவெனா அக்கா எழுந்து கதவைச் சாத்தினார், யாரோ ஒட்டுக்கேட்பதுபோல. "இது அவன் காதுக்குப் போகக் கூடாது. போச்சுன்னா அந்தக் கூடாரத்துக்குள்ளயே எதையாவது பண்ணிக்குவான். என்ன வேணும்னாலும் என்னச் சொல்லிக்கட்டும், நான் தாங்கிக்குவேன். நீ எழுதறதா இருந்தா அத விட்டுட்டு எழுது, இல்லன்னா கையெழுத்துப் போட மாட்டேன்." தங்களிடம் மறைக்கக் கூடாது, தாங்கள் அவனிடம் மறைக்க வேண்டும் என்று சமாதானம் சொல்லித்தான் இந்தப் பத்தியை எழுத அனுமதி வாங்கினேன்.

10. ஆகவே தங்களிடம் நாங்கள் வேண்டுவது:

அ) அன்று கார்வன்தோல் பள்ளத்தாக்கில் பல போன்களுக்குக் கோபுரத்தில் பேச்சு வழி இல்லை, கோடுகள் முழுதாக நின்றாலும், படங்கள் வந்தாலும், அழைப்பு போயிருக்காது, வழியே இல்லாத இடத்தில் முயன்ற சுவடும் பதிவாகாமல் போகலாம் என்று தங்கள் அலுவலக முத்திரையோடு ஒரு கடிதம். அதில் 'பல போன்கள்' என்று மட்டும் இருக்கட்டும். எங்கே வாங்கிய போன் என்ற பேச்சு வேண்டாம்.

ஆ) அக்கடிதம் நவம்பருக்குள் வர வேண்டும். லாலியோவின் அரையாண்டு நினைவு அப்போதுதான். சுவருக்குப் புதுத் தாள் வேண்டும். அது ஒரே தாளாக இருக்க வேண்டும், அதன் கீழே இரண்டு பேரும் இருக்க வேண்டும். நெவெனா அக்கா உயிரோடு கேட்பது இது ஒன்றைத்தான். 'உயிரோடு' என்பது அவரே சேர்க்கச் சொன்ன சொல்; எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் சேர்த்திருக்கிறேன்.

இ) பனி விழுந்து வளைவுப் பாதை மூடுவதற்கு முன், எங்கள் கோபுரத்தில் பேச மட்டுமாவது தெரிந்த ஒரு பழைய 2ஜியைத் திரும்ப வைக்க உத்தரவிட வேண்டும். அந்தப் பாதை மூடிவிட்டால் மரஅறுவை ஆலை வரைக்கும் போய்ச் சாவதற்குக்கூட எங்களால் முடியாது.

ஈ) இனி எதை அணைப்பதானாலும் அறிவிப்பில் ஒரு முகத்தின் படம் போடச் சொல்லவும். யார் முகமானாலும் சரி; நிறுவன இயக்குநருடையதானால் ஊரே நின்று படிக்கும்.

தங்களுக்கு ஆயிரம் கோபுரங்களும் பல்லாயிரம் புகார்களும் இருக்கும் என்பதை அறிவோம். எங்களுக்கு ஒரு கோபுரமும் ஒரு சுவரும்தான். இவ்வளவு நீட்டியதற்குப் பொறுத்து, ஆவன செய்யும்படி மிகுந்த பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இடம்: கார்வன்தோல்
நாள்: அக்டோபர் 14

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) ரங்கெல் பென்செவ்
(ஒப்பம்) நெவெனா ஸ்தோய்லோவா – முழுதும் வாசித்துக் காட்டப்பட்டது, சரியென்று ஒப்புக்கொண்டார்.

இணைப்பு: நிறுவனத்தின் பதிலின் நகல், இரண்டு சாவு அறிவிப்புகளின் படம்.

பின்குறிப்பு: இது அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போன பிறகு எழுதுவது, அவருக்கு வாசித்துக் காட்டப்படவில்லை. என் டேப்லெட்டில் சிம் கிடையாது, என் போனில் நெட் திட்டம் கிடையாது, என் கடையில் நெட் இணைப்பும் கிடையாது. அக்காவின் போனிலிருந்து சுவரைத் தாண்டி நெட் வரும்படி போன வருடமே நான் அமைத்துக்கொண்டேன், அவரைக் கேட்கவில்லை. அந்த அரை மணி நேரம் அவர் போன் வாங்கிக்கொண்டிருந்தது சீரியல் இல்லை, என் ஆட்டம். அது மூன்று முறை நின்றது.